மச்சாளின் பச்சைச் சட்டை

நான் பிடித்த முதல் ஆஷூரா நோன்பை என் மாமாவின் மகள் கெடுத்தாள். நோன்பு முறியவில்லை. அதன் பெருமைதான் போயிற்று.

நயினாதீவில் எங்கள் சனத்துக்கு முஹர்ரம் பத்து சத்தமில்லாத நாள். முந்தின நாளும் அன்றும் நோன்பு, மாலையில் பள்ளிவாசலில் கஞ்சி. இரண்டு நோன்பையும் பிடித்தால் பெரிய ஆட்களின் வரிசையில் இருத்துவதாக வாப்பா சொல்லியிருந்தார். அந்த வரிசையை நினைத்தே தாகத்தை விழுங்கினேன்.

பத்தாம் நாள் காலையில் மாமா வீட்டு வாசலில் ஒரு பானை வந்திருந்தது. மாமா தஞ்சாவூர்ப் பக்கம் வியாபாரத்துக்குப் போய் அங்கேயே கல்யாணம் முடித்தவர். மாமியையும் மகளையும் அந்த வருடம்தான் கூட்டிவந்தார். மாமியின் ஊரில் அன்று கொட்டடித்து, வெள்ளியில் செய்த கை ஒன்றைத் தெருவெல்லாம் தூக்கிப் போவார்களாம். கர்பலாவில் தண்ணீரின்றி மாண்டவர்களை நினைத்து, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் பானகம் கொடுப்பார்களாம். கொட்டும் கையும் இங்கே ஏலாது என்று மாமா சொல்லிவிட்டார். பானகம் மட்டும் தப்பியது.

பனங்கட்டி கரைத்த அந்தப் பானகத்தை வார்த்தவள் மச்சாள். என் வயதுதான். பச்சைச் சட்டை, கழுத்தில் சிவப்பும் மஞ்சளும் முறுக்கிய நூல். அம்மன் கோயிலுக்கு வள்ளத்தில் வந்திறங்கிய சனமெல்லாம் அவளைச் சுற்றி நின்றது.

“என்ன வடிவான பிள்ளை!” என்று ஒரு அக்கா அவள் கன்னத்தைக் கிள்ளினாள். அந்தப் பானகத்துக்கு உப்பில்லாத தண்ணீரைத் தூரத்துக் கிணற்றிலிருந்து வாய் காயக் காயச் சுமந்தவன் நான். என் கன்னத்தை ஒருவரும் கிள்ளவில்லை.

வாப்பா வந்தார். “நோன்பு நாளில இதென்ன கூத்து மச்சான்?”

“நோன்பாளிக்கோ குடுக்கிறம்? வள்ளத்தால வந்த சனத்துக்குத்தானே,” என்றார் மாமா.

வாப்பா பானையை ஒருதரம் ஏக்கத்தோடு பார்த்துவிட்டுப் போனார்.

“நான் ரெண்டு நோன்பு பிடிச்சனான். உனக்கு ஏலுமோ?” என்று மச்சாளிடம் கேட்டேன்.

“எங்கிட்ட பச்சைச் சட்டை இருக்கே. ஒங்கிட்ட இருக்கா?”

மாலையில் வரிசையில் இருந்தேன். பக்கத்தில் இருந்தவர் என் நோன்பைப் பற்றிக் கேட்கவில்லை. “உன்ர மச்சாள் நல்ல கெட்டிக்காரி, என்ன?” என்றார். கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டு மாமியிடம் ஓடினேன்.

“மாமி, எனக்கும் பச்சைச் சட்டை தைச்சுத் தாங்கோ. நூலும் வேணும்.”

மாமி சட்டென்று என் வாயைப் பொத்தினாள். “கேக்காதப்பா. ஒன் வீட்ல நாலு புள்ளையும் நல்லா இருக்கீங்க. ஒனக்கு எதுக்கு இது?” பிறகு மிச்சப் பானகத்தை நீட்டினாள். நான் வாங்கவில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு, படிப்பை விட்டு ஊரூராகத் திரிந்த காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையொன்றில் கோப்பை கழுவினேன். முஹர்ரத்தன்று பச்சை உடுத்திய பிள்ளைகள் சிலர் வந்தார்கள். முன்னே பிறந்தவை தங்காத வீடுகளில், இதாவது தங்கட்டும் என்று நேர்ந்து உடுத்துவதாம். மச்சாளுக்கு முன்னே மாமிக்கு இரண்டு பிள்ளைகள் போனதாக உம்மா எப்போதோ சொன்னது, கோப்பையும் கையுமாக நின்றபோது நினைவுக்கு வந்தது.

மாமி என் வாயைப் பொத்திய அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு முழத் துணிக்கு மாமி கஞ்சத்தனம் பிடிக்கிறாள் என்பதுதான். இனி அந்த வீட்டுக்கு ஒரு வாளி தண்ணீரும் சுமப்பதில்லை என்று முடிவெடுத்தேன்.