சாம்பல் நிறமாகிப் போன சைரன்

"நாய போட்டோ புடிக்கவா உன்ன பன்னெண்டாவது வரிக்கும் படிக்க வெச்சேன்?"

கேட்டது என் நைனா. மார்கழிக் குளிருக்குக் காதை மூடித் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் டீ டம்ளரோடு வாசலில் நின்று கேட்டார். நான் ஸ்டுடியோ காமிராப் பையைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

நியாயமான கேள்விதான். அவர் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்கு உள்ளே போன முதல் ஆள் நான். பிளஸ் டூ பாஸ். எங்கள் தெருவுக்கு எந்தக் கடிதம் வந்தாலும் பிரித்துப் படித்துச் சொல்கிறவள். இதை இந்தப் பத்திரிகையில் எத்தனை வாரம் எழுதினாலும் எனக்கு அலுக்காது... உங்களுக்கு அலுத்திருந்தால் இந்தப் பாராவைத் தாண்டிவிடுங்கள்.

நாயைப் படம் எடுக்கவும் காசு கொடுத்துத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். நைனா நம்பவில்லை. போகும்போது ஒரு கோணிப்பையைக் கேட்டேன். எதற்கு என்றார். கீழே விரித்துப் படுக்க என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போய் எடுத்து வந்தார்.

என்னைக் கூப்பிட்டவர் ரோஸ்லின் ஆன்ட்டி. ஆவடியில் ஃபாக்டரி குவார்ட்டர்ஸ். சொந்த ஊர் தூத்துக்குடி. அங்கிளுக்கு ஜனவரியோடு ரிடையர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போய் மகனோடு இருக்கப்போகிறார்கள். மகன் இருப்பது வாடகை வீட்டின் மாடி போர்ஷன். ஒரு நாயைக் கூட்டி வரலாம் என்று ஹவுஸ் ஓனர் பெரிய மனது பண்ணிவிட்டார்.

ஆன்ட்டி வீட்டில் இருந்தது ஐந்து.

பெயர் வைத்தது எல்லாம் அங்கிள். தாய்க்கு ஃபோர்மேன் — எந்நேரமும் அதட்டிக்கொண்டே இருப்பதால். பிள்ளைகள் நாலு பேர். போனஸ், கேண்டீன், ஓவர்டைம் என்கிற ஓ.டி., சைரன். கேண்டீன் ஏன் கேண்டீன் என்று வயிற்றைப் பார்த்தாலே தெரியும். சைரன் நல்ல கறுப்பு. ஃபாக்டரியில் சங்கு ஊதினால் கூடவே ஊளையிடுவான், அதனால் அந்தப் பெயர்.

வயதான ஃபோர்மேன் ஊருக்குப் போகிறாள். மற்ற நாலு பேருக்கும் வீடு பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால்? காலி செய்த வீட்டு வாசலில் நாய் படுத்துக் கிடப்பதை அந்த குவார்ட்டர்ஸில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். கொஞ்ச நாள் கதவைப் பார்க்கும். பிறகு ஒருநாள் நாய் பிடிக்கிற முனிசிபாலிட்டி வண்டி வரும்.

அதனால்தான் போட்டோ. கிறிஸ்துமஸுக்கு சர்ச்சுக்கு ஊரே வரும்; நோட்டீஸ் போர்டில் படத்தை ஒட்டினால் நாலு பேர் கண்ணில் படும் என்பது ஆன்ட்டியின் கணக்கு. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைவிட எத்தனையோ மேலான ஏற்பாடு — மாப்பிள்ளைதான் வந்து விசாரிக்க வேண்டும்!

நான் போய் இறங்கியபோது நாய்கள் தயாராக இருந்தன. எப்படித் தயார் என்கிறீர்கள்? விடியற்காலையில் வெந்நீர் வைத்து ஐந்து பேரையும் குளிப்பாட்டி, நெற்றியிலும் கழுத்திலும் டால்கம் பவுடர் போட்டு, பெட்ஷீட் தொங்கவிட்ட சுவர் ஓரமாக வரிசையாகக் கட்டி வைத்திருந்தார் ஆன்ட்டி. போட்டோ என்றால் பவுடர் இல்லாமலா?

காமிரா வழியாகப் பார்த்தேன். ஐந்தும் நடுங்கின. வால் கால்களுக்கு நடுவே. காது பின்னால். பவுடர் பூசிய சைரன் சுண்ணாம்பு தெறித்த கரிச்சட்டி மாதிரி இருந்தான். போலீஸ் ஸ்டேஷனில் போர்டு பிடித்து நிற்கவைத்து எடுப்பார்களே, அந்த மாதிரிப் படங்கள் வரும். இதைப் பார்த்துவிட்டு யார் வீட்டுக்குக் கூட்டிப் போவார்கள்?

அவிழ்த்து விடுங்கள் ஆன்ட்டி என்றேன்.

"மண்ணுல புரண்டுருவானுவ பிள்ளே. அவ்வளவு பாடும் வீணால்லா போயிரும்?"

புரளட்டும் என்றேன்.

குவார்ட்டர்ஸ் பின்னால் பெரிய மைதானம். பனி இறங்கி எதிர்க் கோல் போஸ்ட் தெரியவில்லை. கயிறு அவிழ்ந்ததுதான் தாமதம் — ஐந்தும் அந்தப் பனிக்குள் பாய்ந்தன. முதல் வேலை புரளல். முதுகு, வயிறு, மூஞ்சி... பவுடர் போய்ச் செம்மண் வந்தது. அப்புறம்தான் ஒவ்வொருவருக்கும் உயிரே வந்தது.

கோணியை விரித்தேன். குப்புறப் படுத்தேன். நாயை நின்றுகொண்டு எடுத்தால் முதுகுதான் விழும். அதன் கண் உயரத்துக்கு நாம் இறங்கினால்தான் அது நம்மைப் பார்க்கும். சுடிதார் பனியில் நனைந்து ஒட்டிக்கொண்டது. மங்கி குல்லா போட்டு வாக்கிங் வந்த ஒருவர் பதறிப்போய் ஓடி வந்தார்.

"இன்னாம்மா, வயிக்கி உழுந்துட்டியா?"

இல்லை, நாய் போட்டோ என்றேன். அவர் என்னையும் கோணியையும் ஒருமுறை பார்த்துவிட்டு நடையைத் தொடர்ந்தார். நைனா பரவாயில்லை என்று தோன்றியது.

நிற்கிற நாயை எடுப்பது சுலபம். ஓடுகிற நாயை? அதன் கூடவே காமிராவும் ஓட வேண்டும். முதலில் எடுத்ததில் எல்லாம் வால் மட்டும்தான் விழுந்திருக்கும். பிறகுதான் ஒன்று புரிந்தது — இவர்கள் கண்டபடி ஓடவில்லை. போனஸ் ஒரு பழைய ரப்பர் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடுவான். மற்றவர்கள் துரத்துவார்கள். எத்தனை சுற்று சுற்றினாலும் கடைசியில் கோல் போஸ்ட் அருகே வந்து ஃபோர்மேன் காலடியில் செருப்பைப் போட்டாக வேண்டும். அவள் ஒரு உறுமல் உறுமுவாள். அடுத்த ஆட்டம் ஆரம்பம். விதி தெரிந்துவிட்டால் போதாதா? அந்த இடத்துக்கு ஃபோகஸ் வைத்துக் காத்திருந்தேன்.

போனஸ் பாய்ந்து வந்தான். கிளிக். ஓ.டி. கால் நாலும் காற்றில் இருக்க ஒரு துள்ளல். கிளிக். கேண்டீன் ஓடவே இல்லை. உட்கார்ந்து கொட்டாவி விட்டான். அதுவும் கிளிக்.

சைரனுக்குத்தான் பாடுபட்டேன். வெள்ளைப் பனிக்கு முன்னால் கறுப்பு நாய் — படத்தில் ஓட்டை விழுந்த மாதிரி வந்து நிற்கும். கண் தெரியாது, மூக்கு தெரியாது. சூரியன் வரட்டும் என்று காத்திருந்தேன். மஞ்சளாக, சாய்வாக ஒரு வெயில் பனியைக் கிழித்துக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து சைரன் நின்று உடம்பை உதறினான். ஒவ்வொரு மயிரும் மின்னியது. சுற்றிலும் தண்ணீர் முத்து. கண்ணில் வெளிச்சம். மழை நின்றதும் தார் ரோடு பளபளக்குமே, அந்தக் கறுப்பு.

எடுத்துவிட்டேன். என் கையால் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

ரோலை ஸ்டுடியோவில் கொடுத்துவிட்டு, குமணன்சாவடியில் ஒரு கல்யாணத்துக்கு ஓடினேன். பிளாக் அண்ட் ஒயிட் என்பதால் எங்கள் டார்க்ரூமிலேயே கழுவி பிரிண்ட் போட்டுவிடலாம். அது சேகர் அண்ணன் ராஜ்யம். பிரிண்டுகளை அங்கிளே வந்து வாங்கிப் போய்விட்டார். நான் பார்க்கவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்தது. நல்ல செய்தி ஒவ்வொன்றாக வந்தது. போனஸை முத்தாபுதுப்பேட்டையில் ஒரு டீச்சர் வீட்டில் எடுத்துக்கொண்டார்கள். கேண்டீனுக்கு அடித்தது யோகம் — ஒரு மெஸ்காரர். ஓ.டி.யை எதிர் பிளாக்கிலேயே கேட்டுவிட்டார்கள். சைரனுக்கும் ஆள் வந்தாயிற்று, ஞாயிற்றுக்கிழமை மண்ணூர்பேட்டையிலிருந்து வருகிறார்கள், நீயும் வா என்று ஆன்ட்டி சொல்லி அனுப்பினார்.

போனேன். புருஷன், பெண்டாட்டி இருவர். அவர் லேத் ஆபரேட்டர். கிறிஸ்துமஸுக்குத் தங்கை வீட்டுக்கு வந்த அந்தம்மா நோட்டீஸ் போர்டில் சைரனைப் பார்த்து, வைத்தால் இந்த நாயைத்தான் வைப்பேன் என்று பிடிவாதமாக இருந்திருக்கிறார்.

சைரன் ஓடி வந்தான். லேத்காரர் தன் கையில் இருந்த நோட்டீஸ் போர்டுப் படத்தைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது... போட்டோல ஒரு கலரு, ஊட்ல ஒரு கலரு?"

படத்தை வாங்கிப் பார்த்தேன். என் சைரன் சாம்பல் நிறத்தில் இருந்தான். பனி அப்படியே இருக்கிறது, புல் அப்படியே இருக்கிறது, நாய் மட்டும் வெளுத்திருக்கிறது. சேகர் அண்ணன் கை!

உங்களுக்குத் தெரிந்த சமாசாரம்தானே? பொண்ணு போட்டோ எடுக்க வருகிறவர்கள் கிளம்பும்போது காதோரம் வந்து, "கொஞ்சம் கலர் தூக்கலா போடுங்க" என்பார்கள். பிரிண்ட் போடும்போது முகத்தில் விழும் வெளிச்சத்தைக் கையால் கொஞ்சம் மறைத்தால் போதும், கறுப்பு மாநிறமாகும், மாநிறம் சிவப்பாகும். அம்பத்தூரில் அதில் அண்ணனை மிஞ்ச ஆள் இல்லை.

ஆன்ட்டி மட்டும் கலங்காமல் சொன்னார்.

"போட்டோன்னா அப்படித்தான வரும்? என் கல்யாண போட்டோல நானும் வெளுப்பால்லா இருக்கேன்."

இதற்கு அவர் மசியவில்லை. கறுப்பு நாய் வேண்டுமென்றால் மண்ணூர்பேட்டையிலேயே கிடைக்காதா, இதற்கா ஆவடி வரை வந்தோம் என்று செருப்பை மாட்டப் போனார். எனக்குள் அந்த முனிசிபாலிட்டி வண்டியின் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. இவரும் போனால் சைரனுக்கு வேறு யாரும் இல்லை. வீட்டைக் காலி செய்யும் நாளும் நெருங்கிவிட்டது.

அப்போதுதான் அவர் மனைவி வாயைத் திறந்தார்.

"பொண்ணு பாக்க எங்க ஊட்டுக்கு வந்தியே, கையில இன்னா வெச்சிருந்த?"

"...போட்டோ."

"அதுல நான் இன்னா கலரு?"

அவர் மாட்டப் போன செருப்பைக் காலால் ஒதுக்கினார்.

"நேர்ல பாத்தல்ல? எழுந்து போனியா?"

"அதுக்குள்ள பஜ்ஜி வெச்சிட்டாங்க" என்றார் அவர், மெதுவாக.

ஆன்ட்டிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தம்மா சிரிக்கவில்லை. நேராகப் போய் சைரனின் கழுத்தைச் சொறிந்து கொடுத்தார். அவன் அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டான். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

ஆனால் ஆன்ட்டி நேர்மையானவர். ஒரு குறையையும் மறைக்க மாட்டார். சங்கு ஊதினால் இவனும் ஊதுவான் என்று சொல்லிவிட்டார். லேத்காரர் தன் தலையில் கை வைத்தார். எங்க ஊடு எஸ்டேட்டாண்ட, நாள் பூரா சங்கு ஊதிகினேதான் கீது என்றார்.

"நல்லதாப் போச்சி. ஷிப்டுக்கு உன்ன எழுப்பற வேல எனக்கு மிச்சம்" என்றார் மனைவி.

ஆட்டோவில் சைரன் நடுவில் உட்கார்ந்தான். வளைவில் திரும்பும்போது வெளியே தலையை நீட்டிக் காற்று வாங்கினான். ஆன்ட்டி ஆட்டோ மறையும்வரை நின்றார். பிறகு உள்ளே போய், பரண் மேலிருந்த ட்ரங்குப் பெட்டியை இறக்கிக் கொடு பிள்ளே என்றார். அதுவரை அந்த வீட்டில் ஒரு சாமான்கூடக் கட்டப்படவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். பெட்டியை இறக்கினேன். அப்பாடா என்று என் தோளும் கூடவே இறங்கியது.

மறுநாள் சேகர் அண்ணனிடம் கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "ரொம்பக் கறுப்பா உழுந்துட்டான்மா. பாக்கக் கஷ்டமா இருந்திச்சி. வரன் பாக்கறதுக்குன்னு வேற சொன்னாங்க... கை தானா போயிடுச்சி" என்றார்.

அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அந்தக் கைக்கு அப்படிப் பழக்கியது யார்? நாம்தானே? அந்தச் சின்ன இருட்டறையிலிருந்து எத்தனை பெண்கள் தங்களுக்கே அடையாளம் தெரியாமல் வெளுத்து வெளியே போயிருப்பார்கள்! அவர்களைப் பார்க்க வந்த எல்லாருக்கும் முன்னால் பஜ்ஜித் தட்டு சரியான நேரத்தில் வந்திருக்குமா என்ன?

அன்றிலிருந்து நான் எடுக்கிற படத்துக்கு நானே பிரிண்ட் போடுகிறேன். அண்ணனே கற்றுக் கொடுக்கிறார். சைரனை மறுபடி போட்டேன் — தார் ரோட்டுக் கறுப்பில். ஒன்று தூத்துக்குடிக்கு, ஒன்று மண்ணூர்பேட்டைக்கு.

இன்னொரு பிரிண்டும் போட்டேன். கல்யாணத் தரகரிடம் கொடுக்க என் போட்டோ வேண்டும் என்று அம்மா ரொம்ப நாளாக நச்சரிக்கிறார். ஸ்டாண்டில் காமிராவை வைத்து நானே எடுத்தேன், நானே கழுவினேன். வெளிச்சத்துக்கு நடுவே கையை நீட்டவில்லை. பின்பக்கம் பெயர், படிப்பு, வேலை எழுதி, அதற்குக் கீழே யாரும் கேட்காத ஒரு வரியையும் சேர்த்தேன்: 'நிறம் — கறுப்பு.'

போன புதன்கிழமை தரகர் கையில் கொடுத்தாயிற்று.