முத்துத்தாய் அனுப்பிய போட்டோ

வில்லாபுரத்தில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில் எட்டு வீடு, ஒரு அடிபம்பு. எழுபத்தாறாம் வருஷம் அந்த எட்டு வீட்டில் கைக்குழந்தை இல்லாத வீடு இரண்டுதான். ஆண்கள் மில்லுக்கும் கடைக்கும் கிளம்பிப் போனதும், பம்பைச் சுற்றியிருந்த சிமெண்டுத் தளத்தில் ஆளுக்கொரு பிள்ளையைக் காலில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். அங்கே கேட்கப்படாத கேள்வி கிடையாது. மூக்கு சப்பையாக இருக்கிறதே, என்ன செய்வது? புருவம் இருக்கிற இடமே தெரியவில்லையே? தலை ஒரு பக்கம் தட்டையாகப் போய்விட்டதே? எல்லாவற்றுக்கும் பதில் ஒரே இடத்திலிருந்து வரும். அந்த இடத்தின் பெயர் முத்துத்தாய்.

அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. என்னைவிட நாலு வயது சின்னவள். உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு ஊரில், ஆத்தாளும் அப்பனும் காட்டு வேலைக்குப் போய்விட, தனக்குப் பின்னால் பிறந்த ஆறு பேரையும் இடுப்பிலேயே வைத்து வளர்த்தவள். அதனால் நடக்கும்போதுகூட இடது இடுப்பைக் கொஞ்சம் சாய்த்தே நடப்பாள். புருவத்துக்கு விளக்கெண்ணெய் என்பாள். மூக்கைக் குளிப்பாட்டும்போது இரண்டு விரலால் நீவிவிடு என்பாள். பழஞ்சேலையைச் சும்மாடு மாதிரி சுற்றித் தலைக்கு அடியில் வை, தட்டை போய்விடும் என்பாள். தலை வாரினால் சீப்பு நிறைய முடி வருகிறதே என்று நான் அழுதபோது, பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் தாய்க்கு முடி கொட்டத்தான் செய்யும், அவ்வளவும் திரும்ப வரும் என்று ஒரே போடாகப் போட்டாள். டாக்டரம்மாகூட அவ்வளவு தைரியமாகப் பேசமாட்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் முடி திரும்ப வந்தது.

அவள் புருஷன் விருமாண்டி மிலிட்டரியில் இருந்தார். இவள் நாலு மாதக் கர்ப்பமாக இருந்தபோது அஸ்ஸாமுக்குப் போனவர். பிறகு லீவு தள்ளித் தள்ளிப் போனதில் பிள்ளை பிறந்ததைக்கூடப் பார்க்க வரவில்லை. முத்துத்தாய் நல்ல சிவப்பு. அவர் அட்டக்கரி. ரயில் ஏறுகிற அன்று, "பிள்ளை உன்னய மாதிரி இருக்கட்டும் புள்ள, என்னய மாதிரி இருந்தா இருட்டுல தேடணும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாராம். அவர் சொன்னது விளையாட்டு. இவள் அதைச் சாமி உத்தரவு மாதிரி மனசில் முடிந்துகொண்டாள்.

ராமக்காள் பிறந்தபோது ரோஜாப்பூ மாதிரிதான் இருந்தாள். பச்சைப் பிள்ளைகள் எல்லாமே முதலில் அப்படித்தான் இருக்கும், காது மடலைப் பார்த்தால்தான் அசல் நிறம் தெரியும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவளே முத்துத்தாய்தான். தன் பிள்ளைக்கு மட்டும் காதைப் பார்க்க மறந்துவிட்டாள். பிள்ளை எலுமிச்சம்பழ நிறம் என்று அன்றைக்கே கடிதம் எழுதிப் போட்டுவிட்டாள். மூன்று மாதத்தில் பிள்ளை அப்பனின் நிறத்துக்கு வந்து சேர்ந்தது. அடுத்தடுத்த கடிதத்தில் அதைத் திருத்த அவளுக்கு வாய் வரவில்லை. எழுதாமல் விட்டது ஒரு பக்கம், எழுதினதைக் காப்பாற்ற மேலும் எழுதியது ஒரு பக்கம் என்று எலுமிச்சம்பழம் கடிதத்துக்குக் கடிதம் பழுத்துக்கொண்டே போனது.

என் மகன் ராமக்காளுக்குப் பதினைந்து நாள் இளையவன். பெயர் கருப்பு. அழகர்கோயில் கருப்பசாமியை நினைத்து வைத்த பெயர். ஆள் மட்டும் வெள்ளை வெளேரென்று, வலது கன்னத்தில் குழியோடு பிறந்தான். அவனுக்கு நாலாம் மாதம் எனக்கு டைபாய்டு வந்து பெரியாஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கிடந்தேன். அந்தப் பன்னிரண்டு நாளும் முத்துத்தாய்தான் இரண்டு பிள்ளைக்கும் பால் கொடுத்தாள். திரும்பி வந்து பார்த்தால் என் பிள்ளை முன்னைவிட ஒரு சுற்றுப் பெருத்திருந்தான். அன்றோடு அவள்மீது இருந்த எரிச்சலை விட்டுவிட்டேன். முழுதாக இல்லை, பாதி.

பிள்ளைகளுக்குப் பத்து மாதம் ஆனபோது விருமாண்டியிடமிருந்து கடிதம் வந்தது. மகளின் போட்டோ வேண்டும், உடனே அனுப்பு என்று. அதே சமயம் கருப்புக்கு மொட்டை போடுகிற நாளும் நெருங்கியிருந்தது. மொட்டைக்கு முன்னால் ஆண் பிள்ளைக்குப் பட்டுப் பாவாடை கட்டி, சவுரி வைத்துச் சடை பின்னி, பூ வைத்து ஒரு போட்டோ எடுக்காத வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. அதனால் இரண்டு பேரும் சேர்ந்தே தெற்கு மாசி வீதி ஸ்டுடியோவுக்குப் போனோம்.

போவதற்கு முன்னால் ராமக்காளுக்கு அவள் செய்த அலங்காரத்தைச் சொல்ல வேண்டும். விடியற்காலையிலேயே பாசிப்பயற்று மாவும் பாலாடையும் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டினாள். பிறகு பவுடர். ஒரு டப்பாவில் முக்கால்வாசி அந்தச் சின்ன முகத்துக்கே போனது. ஸ்டுடியோக்காரர் பார்த்துவிட்டு, லைட்டு போட்டால் பவுடர் தனியாகத் தெரியும், துடைத்துவிடுங்கள் என்று சொன்னார். பிள்ளை விஷயத்தில் தனக்கே யோசனை சொல்வதா என்று இவள் காதில் வாங்கவில்லை. லைட்டைப் போட்டதும் ராமக்காள் வீறிட்டாள். கண்ணீர் இரண்டு கன்னத்திலும் கோடு போட்டு இறங்கியது. கருப்பு, இரவல் பாவாடையும் நெற்றிச்சுட்டியுமாக உட்கார்ந்து, கேமராக்காரர் குலுக்கிய கிலுகிலுப்பையைப் பார்த்துக் கெக்கலித்தான்.

நாலு நாள் கழித்துப் படம் வந்தது. ராமக்காள் படம், சுண்ணாம்பு அடித்த சுவரில் மழை பெய்த மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு முட்டியது. முத்துத்தாயின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவள் கருப்பின் படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். சடை, சுட்டி, பாவாடை, கன்னத்தில் குழி. எலுமிச்சம்பழ நிறத்தில் ஒரு பெண் பிள்ளை.

"யக்கா, இதைய எனக்குக் குடு" என்றாள்.

எதற்கு என்று கேட்கவே தேவையில்லை. புரிந்ததும் எனக்குக் கோபம் வந்தது. இருப்பது ஒரே படம், அதுவும் தலைச்சன் பிள்ளை படம், யாரோ ஒருவர் பெட்டியில் போய்க் கிடக்கவா என்று கத்தினேன். அவள் கத்தவில்லை. தலையைக் குனிந்தபடியே சொன்னாள்.

"பன்னெண்டு நாளு எம்பாலக் குடிச்ச பிள்ளைக்கா. எம்பிள்ளைன்னு எழுதுனா அம்புட்டும் பொய்யா?"

படத்தைக் கொடுத்துவிட்டேன். படத்தின் பின்னால், ஐந்தாம் வகுப்புவரை படித்த முத்து முத்தான எழுத்தில், "உங்கள் மகள் ராமக்காள், வயது பத்து மாதம்" என்று எழுதி அன்றைக்கே தபாலில் சேர்த்தாள்.

அதுவரை விருமாண்டியின் கடிதம் வந்தால் பம்படியில் உட்கார்ந்து எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவாள். படம் போன பிறகு வந்த கடிதத்தை வாசிக்கவில்லை. என்னிடம் மட்டும் காட்டினாள். பெட்டி மூடியின் உள்பக்கம் படத்தை ஒட்டி வைத்திருப்பதாகவும், காலையில் எழுந்ததும் அதில்தான் முழிப்பதாகவும் எழுதியிருந்தார். கன்னக்குழி யார் வீட்டுச் சொத்து, உன் அம்மா வீட்டிலா என்று கேட்டிருந்தார்.

அதிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. உண்மையைச் சொல்லிவிடுவது என்று மூன்று இன்லாண்டு லெட்டர் வாங்கி, மூன்றையும் பாதி எழுதிக் கிழித்துப் போட்டாள். எழுத வராத கோபத்தையெல்லாம் மாவாக்கி மகள் தலையில் கொட்டினாள். ஒரு நாளைக்கு மூன்று தரம் குளிப்பாட்டு. பிள்ளைக்குச் சளி பிடித்து மூக்கு ஒழுகியது. தோலை உரித்துவிடாதே, அது கழற்றி மாட்டுகிற சட்டை இல்லை என்று நான் திட்டினேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அவ்வளவு தெளிவாக யோசனை சொன்னவள், தன் பிள்ளை விஷயத்தில் என் காலுக்குக் கீழே நிற்கிற சின்னப் பெண்ணாகிவிட்டாள். அவர் வந்து பிள்ளையைப் பார்த்து முகம் சுளித்துவிட்டால் நான் எங்கே போவேன் என்றுதான் அவள் பயம். எங்களுக்குத் தெரிந்தது அந்த ஒரு பயம்தான்.

விருமாண்டி பத்தாம் தேதி வருவதாக எழுதியிருந்தார். ஏழாம் தேதியே வந்துவிட்டார்.

காலை ஒன்பது மணி இருக்கும். நான் பம்படியில் கருப்பைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். முத்துத்தாய் உள்ளே உலை வைத்திருந்தாள். ராமக்காள் வேப்பமரத்து நிழலில் அலுமினிய டம்ளரைத் தரையில் தட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். தோளில் இரும்புப் பெட்டியோடு பூட்ஸ் கால் ஒன்று வாசலில் நுழைந்தது. பெட்டியை இறக்கியதும் அவர் கண் நேரே கருப்பின்மேல் போனது. மொட்டை போட்டு முடி பாதிதான் முளைத்திருந்தது, ஆனாலும் கன்னக்குழியை எங்கே ஒளிப்பது? டம்ளரோடு உட்கார்ந்திருந்த சொந்த மகளைத் தாண்டி வந்தார். "ராமக்கா, ஆத்தா, அப்பன் வந்துட்டேன்டா" என்று என் பிள்ளையை ஈரத்தோடு வாரி எடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள், இடுப்பில் அரைஞாண் கயிறு தவிர வேறொன்றும் இல்லாத கருப்பு, அவர் சட்டையை நனைத்து, தான் யார் என்பதைத் தெரிவித்துவிட்டான்.

அவர் பிள்ளையைத் தூக்கிப் பிடித்துக் கீழே பார்த்தார். மேலே பார்த்தார். என்னைப் பார்த்தார். காம்பவுண்டில் ஏழு வீட்டு வாசலிலும் ஆள் நின்றது. முத்துத்தாய் தன் வீட்டுக் கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.

இனி மறைக்க என்ன இருக்கிறது. நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். எலுமிச்சம்பழம், பவுடர், பாவாடை, படம், ஒன்றுவிடாமல். தப்பில் பாதி என்னுடையது என்றும் சொன்னேன். அதற்குள் ராமக்காள் தவழ்ந்து வந்து, அவர் பூட்ஸ் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து பார்த்தார். கருப்பை என்னிடம் கொடுத்துவிட்டு அவளைத் தூக்கினார்.

பம்புக்குப் பக்கத்துச் சுவரில் ஆண்கள் சவரம் பண்ணுகிற கண்ணாடி ஒன்று தொங்கும். மகளைத் தன் முகத்தோடு ஒட்டி வைத்து அதில் பார்த்தார். அதே அகல நெற்றி. வெளியே எட்டிப் பார்க்கிற அதே காது. இடது புருவத்தின் நடுவில் அதே இடைவெளி. நிறம் கேட்கவே வேண்டாம். மூக்கு ஒழுகுவது ஒன்றுதான் வித்தியாசம். அவர் கண்ணாடியை விட்டு நகரவே இல்லை. அதைப் பார்த்தபடியே சொன்னார்.

"நாலு மாசமா அந்தப் படத்துல எஞ்சாடை எங்க இருக்குன்னு தேடுனேங்க்கா. காதா, நெத்தியான்னு. ஒண்ணும் அம்புடல. கூட இருக்கவங்கெல்லாம் ஒரு மாதிரி சிரிச்சாங்க."

பம்படியில் அத்தனை பெண்கள் இருந்தோம். நிறத்தைப் பற்றி நினைத்தோமே தவிர, பிள்ளையிடம் அப்பன் சாடை இல்லையென்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது ஒருத்திக்கும் தோன்றவில்லை. அந்த மனிதர் அதை ஒரு கடிதத்திலும் எழுதாமல் தன்னோடு வைத்துக்கொண்டு, காலையில் எழுந்ததும் அந்தப் படத்திலேயே முழித்திருக்கிறார்.

சாத்தியிருந்த கதவுக்கு முன்னால் போய் நின்றார்.

"முத்து, கதவத் தெற. பிள்ளை உங்களய மாதிரியே இருக்குன்னு ஒரு வரி எழுதியிருந்தா, நான் அங்கன தனியா கெடந்திருக்க மாட்டேன்ல."

தாழ்ப்பாள் விலகியது. அவள் அழுதுகொண்டே வந்தாள். வந்தவள் முதலில் செய்த காரியம், முந்தானையால் மகளின் மூக்கைத் துடைத்ததுதான். அதற்குமேல் அங்கே நின்று வேடிக்கை பார்க்க எனக்கே வெட்கமாக இருந்ததால், எல்லோரையும் அவரவர் வீட்டுக்கு விரட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே மூவரும் அதே ஸ்டுடியோவுக்குப் போனார்கள். இந்தத் தடவை ஸ்டுடியோக்காரரே, லேசாகப் பவுடர் போடலாமா என்று கேட்டாராம். வேண்டாம், காது ரெண்டும் நன்றாகத் தெரிகிற மாதிரி எடுங்கள் என்று முத்துத்தாய் சொல்லியிருக்கிறாள். அந்தப் படம் அஸ்ஸாம் பெட்டியின் மூடிக்குப் போனது.

பம்படியில் அவள் யோசனை சொல்வது நிற்கவில்லை. முன்னைவிடச் சத்தமாகச் சொன்னாள். ஆனால் பிள்ளை வெளுக்க என்ன தேய்க்கலாம் என்று புதிதாக யாராவது கேட்டால், பிள்ளையை வாங்கிக் காதைப் பார்ப்பாள், நெற்றியைப் பார்ப்பாள், "இது யாரு சாடை?" என்பாள். பதில் வருகிறவரை பிள்ளையைத் திருப்பித் தரமாட்டாள்.

பெட்டி மூடியிலிருந்து பிய்த்த கருப்பின் படத்தை விருமாண்டி என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பின்பக்கம் பசையோடு எழுத்து அப்படியே இருந்தது. என் வீட்டுக்காரர் பிளேடால் சுரண்டிவிடலாம் என்றார். நான் விடவில்லை. முத்துத்தாயைக் கூப்பிட்டு, "உங்கள் மகள் ராமக்காள்" என்பதற்குக் கீழே இன்னொரு வரி எழுதச் சொன்னேன். பேனாவை வாங்கி, "என் மகன் கருப்பு" என்று எழுதிக் கொடுத்தாள்.