முனிராஜ் அண்ணன் செய்த கேட்

முனிராஜ் அண்ணன் போய்விட்டார்.

நேற்று மதியம், அவருடைய வெல்டிங் ஷாப்பிலேயே. டீ குடிக்க உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். ஹார்ட் அட்டாக்... நாற்பத்தாறு வயது.

எனக்குச் செய்தி வந்தபோது கெமிஸ்ட்ரி லேபில் இருந்தேன். ரெக்கார்டு நோட்டில் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டேன். இன்னும் முடிக்கவில்லை.

தெரியாதவர்களுக்காக: ஓசூரில் எங்கள் ஏரியாவில் பெண்கள் ரக்பி லீக் கிளப் ஒன்று இருக்கிறது. டீமுக்குப் பதின்மூன்று பேர். பாதிப் பேர் பள்ளியில் படிக்கிறோம், மீதிப் பேர் கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்கும் அக்காக்கள். நான் செக்ரட்டரி. எப்போதும் கையில் நோட்டு வைத்திருப்பேன் என்பதால் என்னைப் போட்டுவிட்டார்கள்.

எல்லோரும் கபடியில் இருந்து வந்தவர்கள். பிடித்தால் விடவே மாட்டோம். ரக்பியில் பிடித்துச் சாய்த்ததும் விட்டுவிட வேண்டும்... முதல் மேட்சில் பெனால்டி வாங்கியே தோற்றோம்.

எங்களுக்கு கோல் போஸ்ட் செய்து கொடுத்தவர் முனிராஜ் அண்ணன். நோட்டில் H மாதிரி வரைந்து எடுத்துக்கொண்டு போனேன்.

"என்னா பாப்பா, H போட்டிருக்க, ஓசூருக்கு போர்டா?"

"இல்லண்ணா, கோல் போஸ்ட். பந்து நடுக்கம்பிக்கு மேல போனா பாயின்ட்டு."

"கீழ போனா?"

"பாயின்ட் இல்லண்ணா."

"இவ்ளோ பெரிய வாசல வெச்சிட்டு அது வழியா போகக் கூடாதாமா! நல்ல கேமும்மா."

மூன்றாம் நாள் போஸ்ட் வந்தது. நான்கு கம்பத்திலும் இடுப்பு உயரத்தில் பூட்டு மாட்டுகிற கொண்டி!

அண்ணனே அப்போதுதான் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "கைப் பழக்கம் பாப்பா. இருபது வருஷமா கேட்டு கதவுதான் செய்யறன். கம்பிய நிக்க வெச்சாலே கொண்டி தானா வந்துடுது."

நாங்கள் அதை எடுக்க விடவில்லை. வாட்டர் பாட்டில் மாட்ட வசதியாக இருந்தது.

இனி கிரிக்கெட் கமிட்டித் தலைவருக்கு. உங்கள் பெயரை எழுத மாட்டேன். ஊருக்கே தெரியும்.

நாங்களும் உங்கள் பையன்களும் விளையாடும் அந்த மைதானம் பொது மைதானம். "பொட்டப்புள்ளங்க ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து உருண்டா பாக்கறவன் என்னா பேசுவான்?" என்று நீங்கள் கேட்டது என் நோட்டில் பக்கம் பதினாறில் இருக்கிறது.

அடுத்த வாரம் எங்கள் போஸ்ட்களை யாரோ தரையோடு அறுத்து எடுத்துப் போயிருந்தார்கள். "எனக்கு என்னாம்மா தெரியும்? பழைய இரும்புக்காரன் எவனாவது தூக்கிருப்பான்." இது உங்கள் பதில், பக்கம் பதினெட்டு.

அதற்கப்புறம் மைதானத்துக்கு இரட்டைக் கதவு கேட் போட்டு, நடுவில் சங்கிலி சுற்றிப் பூட்டி, சாவியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டீர்கள். கேட் செய்ய ஆர்டர் கொடுத்தது முனிராஜ் அண்ணனிடம்.

அன்று ஷாப்புக்குப் போய் அவரிடம் சண்டை போட்டேன். "நீங்களே செஞ்சு குடுத்துட்டீங்களேண்ணா!"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பூட்டு மேல கை வெக்காதீங்க. கீல் பக்கம் நாலு பேரு நில்லுங்க. கீழ குனிஞ்சு பிடிச்சு மேல தூக்குங்க. கழண்டு வந்துடும். ஆடி முடிச்சதும் மறுபடியும் மாட்டிடுங்க."

"கழண்டு வருமா?"

"கீல் மேல வாஷர் வெச்சு வெல்டு அடிக்கணும், அப்பதான் வராது. அடிக்கல."

"மறந்துட்டீங்களாண்ணா?"

"கோல் போஸ்ட்டுக்கே கொண்டி வெச்சவன் வாஷர மறப்பனா?"

எட்டு மாதம் அப்படித்தான் உள்ளே போனோம், தலைவரே. நீங்கள் மூன்று பூட்டு மாற்றினீர்கள். "இவளுங்களுக்கு எவன்டா சாவி குடுக்கறான்?" என்று உங்கள் பையன்களைத் திட்டியதைக் கேட்டு நாங்கள் சிரித்த சிரிப்பு...

நேற்று சாயங்காலம் உங்கள் கமிட்டி ஆபீஸ் முன்னால் ஃப்ளெக்ஸ் வைத்தீர்கள். "எங்கள் அன்புச் சகோதரருக்குக் கண்ணீர் அஞ்சலி." அண்ணன் படம் ஸ்டாம்ப் அளவு. உங்கள் படம் ஆள் உயரம்.

அண்ணனின் மனைவி லட்சுமி அக்கா அழுதுகொண்டே கேட்டார்: "செத்தது யாருன்னு இத பாத்தா தெரியுமா?"

நான் படத்தைப் பார்க்கவில்லை. ஃப்ளெக்ஸைக் கட்டியிருந்த இரண்டு கம்பங்களைப் பார்த்தேன். தொட்டும் பார்த்தேன். இரண்டிலும் கொண்டி இருந்தது.

அவர் எங்களுக்குச் செய்ததை அறுத்து, அதிலேயே அவருக்கு அஞ்சலி கட்டியிருக்கிறீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் டீம் வருகிறது. அன்று மைதானமும் போஸ்ட்டும் இல்லாவிட்டால் லீக்கில் இருந்து எங்கள் கிளப்பை எடுத்துவிடுவார்கள். இது உங்களுக்கும் தெரியும். உங்களுக்கு லெட்டர் கொடுத்ததே நான்தான்.

அதனால் இன்று காலை ஐந்தரைக்குப் பதின்மூன்று பேரும் வந்தோம். நைட் ஷிஃப்ட் முடித்த அக்காக்கள் யூனிஃபார்மோடு வந்தார்கள். இரண்டு கதவையும் கீலில் இருந்து தூக்கினோம். இந்தத் தடவை திரும்ப மாட்டவில்லை.

கேட் இப்போது உங்கள் ஆபீஸ் வாசலை அடைத்தபடி சாய்ந்திருக்கிறது. சங்கிலி அப்படியே இருக்கிறது, பூட்டும் பூட்டியபடியே. சாவி உங்களிடம்தானே இருக்கிறது!

ஃப்ளெக்ஸ் கட்டியிருந்த இரண்டு கம்பங்களையும் எடுத்துக்கொண்டோம். ஃப்ளெக்ஸை மடித்து வைத்திருக்கிறோம். உங்கள் முகம் உள்பக்கமாக.

இன்னும் இரண்டு கம்பமும் நடுக்கம்பிகளும் உங்களிடம் பாக்கி. சனிக்கிழமைக்குள் மைதானத்தில் வந்து சேர வேண்டும். இல்லாவிட்டால் பக்கம் பதினாறு முதல் முப்பத்திரண்டு வரை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து இங்கேயே ஆன்லைனில் போடுவேன். என் கையெழுத்து மிகத் தெளிவாக இருக்கும்.

இன்று பதினொரு மணிக்கு அண்ணனை எடுக்கிறார்கள். நாங்கள் எல்லோரும் ஜெர்சியில் வருகிறோம். நீங்களும் மாலையோடு வருவீர்கள். வாருங்கள், பார்க்கலாம்.

முனிராஜ் அண்ணா... இரண்டு கம்பத்தையும் பழைய இடத்திலேயே நட்டுவிட்டோம். அறுத்ததில் கொஞ்சம் குட்டையாகிவிட்டது.

என் வாட்டர் பாட்டில் கொண்டியில் தொங்குகிறது. போய் வாங்கண்ணா.