பைலட்டைத் திட்டிய ஃபோர்மேன்

என் கணவர் சிவகாசியில் பட்டாசு ஆலை ஃபோர்மேன். மகளின் வளைகாப்புக்குச் சென்னை செல்ல மதுரை விமான நிலையத்தில் காத்திருந்தோம். வேலை நேரம் முடிந்துவிட்டது, கண் சொக்குகிறது என்று விமானத்தை ஓட்ட பைலட் மறுக்க, விமானக் கம்பெனி அதிகாரியோ, "இந்த ஒரு தடவை போங்க" என்று நெருக்கினார். யார் பக்கம் நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. என் கணவர் மட்டும், "ஒரு மணி நேரம் ஓட்டுனா என்ன சார்?" என்று பைலட்டிடம் கத்தினார்.

அப்போது அவருடைய முதலாளி போனில் அழைத்தார். இவர், "வெயில் ஏறிருச்சு மொதலாளி. இந்தச் சூட்டுல வெடிமருந்து தீப்பிடிச்சிரும். ஆர்டர் எம்புட்டு அவசரம்னாலும் இனி மருந்து கலக்க விடமாட்டேன்" என்றார். போனை வைத்துவிட்டு, மறுபடி பைலட்டைத் திட்டத் திரும்பினார்.

"அங்கன ஒரு நியாயம், இங்கன ஒரு நியாயமாங்க?" என்றேன். பைலட்டை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.

விமானம் ரத்தானது. வளைகாப்பை வீடியோவில்தான் பார்த்தோம். யாரைக் கோபிப்பதென்று இன்றும் குழப்பம்தான். ஆனால் இப்போதெல்லாம் எந்த வண்டியில் ஏறினாலும், ஓட்டுபவரிடம் "நல்லாத் தூங்குனீகளா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறேன்.