ஸ்ட்ராப்புக்கு அடியில் ஒரு மஞ்சள் காப்பு

பொம்மிடி அக்காவின் இடது மணிக்கட்டில் மாரியம்மன் காப்பு. மஞ்சள் துண்டு வைத்துக் கட்டிய கயிறு. திருவிழா முடியும்வரை அவிழ்க்கக் கூடாது. அன்று அதன்மேலேயே, வேலை செய்யும்போது மணிக்கட்டில் மாட்டும் ஒயர் வைத்த ஸ்ட்ராப்பை மாட்ட வைத்தான் எங்கள் சூப்பர்வைசர். நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தருமபுரிக்கு வெளியே, சர்க்யூட் போர்டு செய்யும் தொழிற்சாலை. அக்கா சிப் பொருத்துவார். அந்தச் சம்பளத்தை நம்பித்தான் மகள் நர்சிங் படித்தாள். நான் சோதனை மேசையில் இருந்தேன். விரல் நகத்தளவு சிப்புக்குள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள். ஆண்டுக்கு ஆண்டு அவற்றைச் சிறிதாக்கச் சிறிதாக்க, உள்ளே மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தும் படலமும் மெலிந்துகொண்டே போனது. பாலியஸ்டர் புடவை உரசி உடம்பில் ஏறும் மின்னூட்டமே அதைப் பொத்தலாக்கிவிடும். அந்த மின்னூட்டத்தைத் தரைக்கு இறக்கத்தான் ஸ்ட்ராப். அதன் தகடு தோலில் பட வேண்டும். இடையில் மஞ்சள் துண்டு இருந்தால் மின்தடை எகிறிவிடும்.

இது அக்காவுக்குத் தெரியும். "வலக்கையில மாட்டிக்கறனுங்க. இல்லைன்னா காப்பு அவுக்குற வரைக்கும் பேக்கிங்ல போடுங்க" என்று கெஞ்சினார். "வலக்கையில ஒயர் தொங்குனா வேலை நகராது. சாமியெல்லாம் உன் வூட்டோட" என்றான். வாசலில் ஸ்ட்ராப்பைச் சோதிக்கும் கருவியில் அக்கா விரல் வைத்ததும் சிவப்பு எரிந்தது. இவன் தன் ஸ்ட்ராப்பைச் செருகி, தன் விரலை வைத்துப் பச்சையாக்கிவிட்டு, "போ உள்ள" என்றான்.

சாயங்காலம் என் மேசைக்கு வந்த போர்டுகளில் பாதி செத்திருந்தன. தடை இருக்க வேண்டிய இடத்தில் மின்சாரம் தாராளமாகக் கசிந்தது. மேலாளர் வந்தார். சூப்பர்வைசர் அக்காவின் கையைப் பிடித்துத் தூக்கி, செல்போனில் படமும் எடுத்துக்கொண்டான். "பாருங்க சார், எத்தன சொன்னாலும் இதுங்க திருந்தாது." ஆயுத பூஜையன்று எந்திரங்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தவன் இவன்தான். இவன் வைத்தால் பக்தி, அக்கா கட்டினால் மூடநம்பிக்கை! காலையில் வாசலில் பார்த்ததை நான் சொன்னேன். "நீ உன் டெஸ்டிங்கப் பாரு" என்றார் மேலாளர். அன்றோடு அக்காவுக்கு வேலை போயிற்று.

சென்ற மாதம் புதிதாகச் சேர்ந்த பெண்களுக்குப் பயிற்சி வகுப்பு. இப்போது அவன்தான் பயிற்சி அதிகாரி. திரையில் அக்காவின் கை. "மூடநம்பிக்கையால வந்த நட்டம் பாருங்க" என்றான். பெண்கள் சிரித்தார்கள். கடைசி வரிசையில் ஒருத்தி எழுந்தாள். படிப்பைப் பாதியில் விட்டு அதே வேலைக்கு வந்திருந்தாள்.

"அது எங்கம்மா கைங்க. செவப்பு எரிஞ்சப்ப பச்சையாக்குன கைய எங்கங்க காணோம்?"

அவன் அவளைப் பார்க்கவே இல்லை. அடுத்த படத்தைப் போட்டான்.