என் நோய்க்கு மதினியின் பெயர்

என் உடம்பில் இருந்த நோயை என் மதினியின் பெயரில் எழுதினேன். அந்தக் காகிதத்தை நம்பி அவள் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். ஒரு வாக்கியம் சொல்லித் தடுத்திருக்கலாம். அந்த வாக்கியம் எனக்குத் தெரியும்... சொல்லவில்லை.

இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்வதால் என்ன மாறிவிடப்போகிறது என்றும் தெரியவில்லை. எது முதல் பொய், எது அதை மூட வந்த பொய் என்பதிலேயே எனக்குக் குழப்பம். கேட்டுவிட்டு நீங்களே பிரித்துப் பாருங்கள்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வருகைப் பதிவு எழுதுகிறவள் நான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததற்குக் கிடைத்த நாற்காலி. சண்முகத்தாய் மதினி என் அண்ணனின் மனைவி; அதே கம்பெனியில் சரவெடி பின்னுகிறாள். முப்பத்தாறு வயது, வளர்ந்த பிள்ளைகள் இரண்டு. எனக்கு முப்பது. கல்யாணமாகி ஆறு வருடம், பிள்ளை இல்லை.

என் மாமியார் அதற்கு ஒரு காரணம் கிடைக்காதா என்று காத்திருந்தார். குறை என்னிடம்தான் என்று ஒரு துண்டுச் சீட்டு கிடைத்தால் போதும், மகனுக்கு வேறு பெண் பார்க்கத் தயங்கமாட்டார். அப்படி எனக்குத் தோன்றியது... உண்மையிலேயே செய்திருப்பாரா? இன்று யோசித்தால் அதுவும் நிச்சயமில்லை.

அந்த நாட்களில் எனக்கு இடையிடையே இரத்தம் பட்டது. கணவரோடு சேர்ந்த மறுநாள் கட்டாயம் படும். புற்றுதான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு வாயை மூடி இருந்தேன்.

அப்போதுதான் கம்பெனிக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை முகாம் வந்தது. சீசன் நேரம். பின்னுகிற சரத்துக்குத்தான் கூலி. மதினி எழுந்து வரமாட்டேன் என்றாள். நான் பெயர்ப்பட்டியலோடு அருகில் போய்க் குனிந்தபோது காதோடு சொன்னாள்:

"போ புள்ள, அங்கன போயி எவ படுப்பா? எம் பேருலயும் நீயே போயிட்டு வந்துரு. கோயில்ல பேரு சொன்னா ஆளு இல்லாமலே அர்ச்சனை போய்ச் சேருதுல்ல, அது மாதிரித்தான்."

அவள் விளையாட்டுக்குச் சொன்னாள். நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். என் பெயருக்கு நேரே, வர முடியாததற்குக் காரணமாக, 'மாதவிலக்கு' என்று எழுதினேன். கம்பெனி ஆபீசில் இருந்த மதினியின் ஆதார் நகலை எடுத்துக்கொண்டு திரைக்குள் போனேன். நகலில் முகம் வெறும் கருப்பாக இருந்தது. யாருடைய முகமாகவும் இருக்கலாம். நர்ஸ் மருந்து தொட்டு வைத்துப் பார்த்தார். விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதினார். சீட்டில் மதினியின் பெயர் இருந்தது. எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா...

விருதுநகருக்கும் சண்முகத்தாயாகவே போனேன். டாக்டர் இளம்பெண். பெரிதாக்கிக் காட்டும் கருவியை வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு சீட்டைப் பார்த்தார்.

"ரெண்டு குழந்தைன்னு போட்டிருக்கு. ரெண்டும் சிசேரியனா?"

பிள்ளை வெளிவந்த கர்ப்பப்பை வாய் வேறு மாதிரி இருக்குமாம். எனக்கு அது அப்போது தெரியாது. சேலையை வயிற்றோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு "ஆமா" என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

கர்ப்பப்பை வாயில் மிளகு அளவுக்கு ஒரு சதை. அவ்வளவுதான். பிடித்து முறுக்கி எடுத்துவிட்டார். சுருக்கென்றது. மயக்க ஊசி இல்லை, தையல் இல்லை, ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மாதக்கணக்கில் செத்துப் பிழைத்ததெல்லாம் அந்த மிளகுக்காகத்தான்.

"லேபுக்கு அனுப்பி உறுதி பண்ணிக்குவோம். சுத்தி இருக்கிற செவப்பு புண்ணு இல்லம்மா, நெறையப் பேருக்கு இருக்கும், அதுக்கு மருந்துகூட வேண்டாம். நாளைக்கு யாராவது புண்ணு, சதைன்னு சொல்லிக் கர்ப்பப்பைய எடுக்கச் சொன்னா, எடுத்துராதீங்க. முதல்ல இங்க வாங்க."

நான் சொல்லாமல் விட்ட வாக்கியம் இதுதான். எனக்குச் சொல்லப்பட்டதா, சண்முகத்தாய்க்குச் சொல்லப்பட்டதா? இன்றுவரை விளங்கவில்லை.

லேப் முடிவு நல்லபடியாக வந்தது. மதினியிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், பிறகு சிரித்தாள். "பாத்தியா, அர்ச்சனை பலிச்சிருச்சு" என்றாள். என் வீட்டில் வைக்க முடியாது என்று அந்த ஆஸ்பத்திரி ஃபைலைத் தன் பெட்டியிலேயே வைத்துக்கொண்டாள்.

அடுத்த சீசனில் மதினிக்கு வெள்ளைப்பாடு. பிறகு இரத்தமும் பட்டது. விருதுநகர் போவோம் என்று நான் சொல்லியிருக்க வேண்டாமா? அங்கே அதே டாக்டர் இருப்பாரே, முகம் தெரிந்துவிடுமே என்று பயந்தேன். "சீசன் முடியட்டும் மதினி" என்றேன்.

அதற்குள் அண்ணனுக்குத் தெரிந்துபோனது. காப்பீட்டு அட்டையைத் தேடிப் பெட்டியைத் திறந்தவன் கையில் ஃபைல் சிக்கியது. நான் அங்கேதான் நின்றிருந்தேன்.

"போன வருசமே சதை எடுத்திருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலையா ஒனக்கு?"

மதினி என்னை ஒருமுறை பார்த்தாள்.

"ஆமா, எடுத்தாக. நீங்க பயப்படுவீகன்னு சொல்லல."

எனக்காகத்தான் அப்படிச் சொன்னாள். நான் கேட்காமலே சொன்னாள்.

சிவகாசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். என் கணவர் வெளியே ஆட்டோவில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்த டாக்டர் மதினியை ஓரிரு நிமிடம்தான் பார்த்தார். ஃபைலைத்தான் அதிகம் புரட்டினார். ரெண்டாவது தடவை சதை வளர்ந்திருக்கிறது, புண்ணும் இருக்கிறது, இனி கர்ப்பப்பையை வைத்துக்கொண்டு எதற்கு, எடுத்துவிடுவோம் என்றார்.

அந்த ஃபைலின்படி மதினிக்கு இரண்டு சிசேரியன். மேசையில் படுத்திருந்தவள் வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லை. டாக்டர் கவனிக்கவில்லை. அண்ணன் ஃபைலில் அந்த வரிவரை படித்திருக்கவில்லை. நான் கவனித்தேன்.

அண்ணன் என் பக்கம் திரும்பினான். "நீ படிச்சவ. நீ சொல்லு மாரி, எடுத்துரலாமா?"

அவன் கேட்டேவிட்டான். யாரும் கேட்கவில்லை என்று சொல்லித் தப்பிக்கவும் எனக்கு வழியில்லை. விருதுநகர் டாக்டர் சொன்னது தொண்டைவரை வந்தது. சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்பான். பிறகு அது ஆட்டோவரை போகும், அங்கிருந்து மாமியார்வரை போகும்...

"டாக்டர் சொல்றதக் கேப்போம்ணே" என்றேன்.

பயம் மட்டும்தானா? இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிடத்தில் எனக்குள் ஒரு நினைப்பு ஓடியது: இவளுக்குத்தான் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்களே, இனி இவளுக்கு அது எதற்கு! ஓடி மறைந்த நினைப்புதான். பயத்தால் பேசாமல் இருந்தேனா, பொறாமையால் இருந்தேனா என்று அன்றிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் ஒரு பதில் வருகிறது, மறுநாள் மற்றது.

மதினியே "எடுத்துட்டா நிம்மதிதான்" என்று சொன்னாள். நிஜமாகவே அப்படி நினைத்தாளோ? இல்லை, அதுவும் எனக்காகச் சொன்னதோ? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எடுத்துவிட்டார்கள். பிறகு வந்த லேப் ரிப்போர்ட்டை நான்தான் படித்துச் சொன்னேன். சாதாரணச் சதை, நாள்பட்ட அழற்சி, புற்று இல்லை. என்னுடையதைப் போலவே ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டியது. "நல்லபடியா வந்திருக்குண்ணே" என்று அந்தப் பக்கத்தை மடித்து வைத்தேன்.

அவள் வீடு திரும்பிய எட்டாம் நாள், என் மாமியார் ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

"ரெண்டு தடவ வந்துச்சுன்னா எடுத்துர்றதுதாம்மா நல்லது. இனிமே வராதுல்ல?" என்று கேட்டார்.

மதினி வயிற்றில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தாள்.

"மாரிகிட்டக் கேளுங்க. மொதத் தடவ போனது அவளுக்குத்தான் தெரியும்."

என்னைக் காப்பாற்றினாளா? இப்போதாவது சொல் என்று இடம் கொடுத்தாளா? அவள் குரலை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன், புரியவில்லை.

"வராது அத்தை" என்றேன்.

மாமியார் ஆப்பிளை நறுக்கச் சொன்னார். நறுக்கி, மதினிக்கு ஒரு துண்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். நாங்கள் கிளம்பும்வரை அதைக் கையிலேயே வைத்திருந்தாள், தின்னவில்லை.