சாக்கோடு புறப்பட்ட பஸ்

மலாயா ரப்பர் தோட்டத்தில் பிறந்த கருணாகரன் ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் லாரி கழுவப் போய், அங்கேயே வண்டி ஓட்டவும் பழகிக்கொண்டார். மலாயா சுதந்திரம் பெற்ற வருஷம் பஸ் டிரைவராகி, மலாக்கா நகரின் காஜா பெராங்கில் குடும்பத்தோடு குடியேறினார். மூவாருக்கும் மலாக்காவுக்கும் நடுவே அவர் ஓட்டிய பஸ் கிழடு. மழை பெய்தால் நின்றுவிடும். பயணிகளும் முணுமுணுத்தபடி இறங்கித் தள்ளுவார்கள்.

அது 1964. இந்தோனேசியா மலேசியாவோடு மோதிக்கொண்டிருந்த நேரம். கடல் வழியாக நாசவேலைக்காரர்கள் வந்து இறங்குகிறார்கள் என்று ரேடியோ எச்சரித்துக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் காலை, கடலோரக் கம்போங் ஒன்றை, மலாய்க்காரர் கிராமத்தை, தாண்டியதும் மூன்று இளைஞர்கள் கைகாட்டி ஏறினார்கள். சட்டை புதிது, கால்சட்டையிலோ முழங்கால் வரை சேறு. இரண்டு பேர் ஒரு கோணிச்சாக்கைத் தூக்கி வந்து, தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோலக் கடைசி இருக்கைக்கு அடியில் வைத்தார்கள்.

டிக்கெட் கொடுத்து முடித்த கண்டக்டர் அலாவுதீன் முன்னால் வந்து, சாலையைப் பார்த்தபடியே தமிழில் பேசினார்.

"அண்ணே, திரும்பிப் பாக்காதீங்க. இப்ப ஏறுன மூணு பேரும் நம்ம ஊரு ஆளுங்க இல்ல. 'முடியும்'ங்குறதுக்கு நம்ம மலாய்க்காரங்க 'போலே'ம்பாங்க, இவனுங்க இந்தோனேசியாக்காரன் மாதிரி 'பீசா'ங்குறானுங்க. சாக்குக் கிழிசல்ல துப்பாக்கிக் குழல் தெரியுது."

கருணாகரன் தலையைத் திருப்பவில்லை. கண்ணாடியில் பார்த்தார். பள்ளிக்கூடப் பெண்கள், சந்தைக்குப் போகும் பொன்னம்மா, அவள் காய்கறிக் கூடைகள். நேராகப் போலீஸ் நிலையத்துக்கு விட்டால் சாக்கு அவிழும், துப்பாக்கி வெளியே வரும். சாக்கையும் ஆட்களையும் முதலில் பிரிக்க வேண்டும்.

சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தார். பஸ் குலுங்கி நின்றது.

"நின்னுருச்சு. எறங்கித் தள்ளுங்க," என்று தமிழிலும் மலாயிலும் சொன்னார்.

எல்லோரும் இறங்கினார்கள். ஒருவன் மட்டும் சாக்கின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். விஷயம் தெரியாத பொன்னம்மா படியில் நின்று மலாயில் கேட்டாள்: "கெழவி நான் தள்ளப்போறேன், எளவட்டம் நீ ஒக்காந்திருக்கியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் முகம் சிவந்து இறங்கிப்போய் மற்ற இருவரோடு சேர்ந்து தோள் கொடுத்தான்.

பஸ் நகர்ந்தது. கருணாகரன் கியரைப் போட்டார். எஞ்சின் உறுமிப் பிடித்துக்கொண்டது. அவர் நிறுத்தவில்லை. பின்னால் கேட்ட சிரிப்பு கூச்சலாக மாறித் தேய்ந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் சாக்கு இடம்பெயரும் சத்தம் கேட்டது. போலீஸ் நிலைய வளாகத்துக்குள் வண்டியை ஓட்டிப்போய் நிறுத்தி, வாசலில் நின்ற போலீஸ்காரரிடம் ஓடினார்.

"துவான், உள்ள சாக்குல துப்பாக்கி இருக்கு. அதுக்குச் சொந்தக்காரனுங்க மூணு பேரும் ரோட்டுல நிக்கிறானுங்க," என்று மலாயில் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

சாக்கில் வெடிமருந்தும் கம்பிச் சுருளும் இரண்டு துப்பாக்கிகளும் இருந்தன.

அங்கே ரோட்டில், அலாவுதீன் பயணிகளைக் கம்போங் வீடு ஒன்றுக்குள் அனுப்பிவிட்டு ஊராரைக் கூப்பிட்டார். வெறுங்கையோடு நின்ற மூவரும் அலையாத்திக் காட்டுக்குள் ஓடினார்கள். ஊரே வளைத்துக்கொண்டது. போலீஸ் வந்து ஒலிபெருக்கியில் அழைத்ததும் கைகளைத் தூக்கியபடி வெளியே வந்தார்கள். இங்குள்ள ஜனங்கள் தங்களை வரவேற்பார்கள் என்று சொல்லித்தான் இந்தோனேசியாவிலிருந்து அவர்களை அனுப்பினார்களாம். கடைசியாக வந்தவன் பசியில் தள்ளாடினான். பொன்னம்மா போலீஸ்காரரை விலக்கிவிட்டு அவன் கையில் வாழைப்பழங்களைத் திணித்தாள்.

"மொதல்ல தின்னட்டும். அப்புறம் கொண்டு போங்க."

சாயங்காலம் பஸ் காஜா பெராங்குக்குள் நுழைவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழும் மலாக்காச் செட்டி வீட்டுக்காரர்களும் கடைக்காரர்களும் சாலையை மறித்து நின்றார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மனைவி ஜெயா வந்தாள்.

"பயமா இல்லையா உங்களுக்கு?"

"கை நடுங்குச்சு. ஸ்டியரிங்கைக் கெட்டியாப் புடிச்சிக்கிட்டேன்."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அதற்குள் யாரோ அவரைத் தோளில் தூக்கிவிட்டார்கள். "அலாவுதீனையும் தூக்குங்க," என்று அவர் மேலிருந்து சத்தம் போட்டார். இருவரையும் சுமந்துகொண்டு மேளத்தோடு ஊர்வலம் மாரியம்மன் கோயில் பக்கம் திரும்பியது.